பதிவெண்ணாய் இருந்த மூன்றாண்டுகள்

பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள் என்று ஊரார் எங்களைக் குறிப்பிடும்போது அதைத் திருத்துவதா, அப்படியே விட்டுவிடுவதா என்று எங்களுக்கு இன்றளவும் தெரிவதில்லை. பட்டச் சான்றிதழில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் முத்திரை இருக்கிறது. துணைவேந்தரின் கையொப்பமும் இருக்கிறது. ஆனால் 1984 முதல் 1987 வரை நாங்கள் அமர்ந்திருந்த பெஞ்சுகள் அப்பல்கலைக்கழக வளாகத்தில் இருந்தவை அல்ல. இராமநாதபுரம் சீமையின் சிறு நகர் ஒன்றில், சீமைக்கருவேலங் காட்டை வெட்டித் திருத்தி எழுப்பிய அரசு கலைக் கல்லூரியில் இருந்தவை அவை. பாடத்திட்டம் மதுரையிலிருந்து வந்தது. வினாத்தாள் அரக்கு முத்திரையோடு மதுரையிலிருந்து வந்தது. விடைத்தாள்கள் கட்டுக்கட்டாய் மதுரைக்குப் போயின. நாங்கள் மட்டும் போகவில்லை.

நம் நாட்டில் அரசுப் பல்கலைக்கழகம் பிறந்த விதமே அத்தகையது. 1857ஆம் ஆண்டில் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று பல்கலைக்கழகங்களும் இலண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டு நிறுவப்பெற்றபோது, அவை வகுப்பறைகளோடு பிறக்கவில்லை. கற்பிப்பது கல்லூரியின் கடமை. தேர்வு நடத்தி, அளந்து, பட்டம் வழங்குவது பல்கலைக்கழகத்தின் கடமை என்று பிரித்துக்கொண்டே அவை தொடங்கின. 1904ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பிறகுதான் பல்கலைக்கழகமே ஆசிரியர்களை அமர்த்திக் கற்பிக்க வழி பிறந்தது. எனினும் இளநிலை மாணவருள் மிகப் பெரும்பாலோர் இன்றும் இணைப்புக் கல்லூரிகளில்தாம் படிக்கின்றனர். தென்மாவட்டக் கல்லூரிகள் முதலில் சென்னையோடு இணைந்திருந்து, 1966இல் மதுரையில் பல்கலைக்கழகம் தோன்றியபோது அதனோடு சேர்ந்தன. தெ. பொ. மீனாட்சிசுந்தரனார் அதன் முதல் துணைவேந்தர். 1978இல் அதற்குக் காமராசர் பெயர் சூட்டப்பெற்றது. பள்ளிப் படிப்பையே முடிக்க இயலாமற்போன ஒருவரின் பெயரைத் தாங்கிய பட்டத்தைத்தான் எங்கள் குடும்பங்களில் முதன்முதலாக நாங்கள் வாங்கினோம். இதில் ஒரு பொருத்தம் இருப்பதாகவே எங்களுக்குத் தோன்றும்.

நாங்கள் என்று இங்கே சொல்வது ஐவரை. ஓர் ஊர், ஒரு பங்கு, ஒரே பள்ளி. பனையேறும் தொழிலாளியின் மகன், உபதேசியாரின் மகன், கரிமூட்டம் போடும் கூலியாளின் மகன், மளிகைக் கடைக்காரரின் மகள், தொடக்கப்பள்ளி ஆசிரியரின் மகள். எழுதும் கை ஒன்றுதான் என்றாலும், எழுதுமுன் ஐவரும் கூடி இரண்டு மாலைகள் பேசினோம். பெயர்கள் வேண்டா என்பதில் ஐவரும் ஒருமனப்பட்டோம். வேறு பலவற்றில் ஒருமனப்படவில்லை என்பதைப் பின்னர்ச் சொல்வோம்.

எங்கள் ஊர் முழுக்கக் கத்தோலிக்க ஊர். பதினேழு வயதுவரை முதலில் அருள்சகோதரிகளிடமும், பின்னர்க் குருக்கள் நடத்திய மேல்நிலைப் பள்ளியிலும் படித்தோம். அங்கே எங்களை எல்லாருக்கும் தெரியும். இவன் இன்னாரின் பேரன். இவள் இன்னாரின் தங்கை மகள். இவனுக்குக் கணக்கு வராது. இவள் பூசைக்குப் பிந்தி வருகிறவள். அந்த அறிமுகத்தின் அன்பை நிரம்ப அனுபவித்தோம். அதன் கண்காணிப்பையும் அனுபவித்தோம். இரண்டும் ஒரே கையிலிருந்து வந்தபடியால் பிரித்துப் பார்க்க அப்போது தெரியவில்லை.

மேல்நிலைத் தேர்வு முடிவு வெளிவந்த அந்த 1984ஆம் ஆண்டுக் கோடையில், கல்லூரி என்றால் எங்கள் ஊராருக்குத் தெரிந்த பெயர்கள் மூன்றே. திருச்சி தூய வளனார், பாளையங்கோட்டை தூய சவேரியார், சென்னை இலயோலா. மூன்றும் இயேசு சபையார் நடத்துபவை; மூன்றும் பேர்பெற்றவை; மூன்றும் தொலைவு. கட்டணத்தைக் கடன்பட்டேனும் கட்டிவிடலாம். மாதந்தோறும் விடுதிக்கு எங்கே போவது? பெண்கள் இருவரைப் பொறுத்தவரை அந்தப் பேச்சே எழவில்லை. அரசுக் கல்லூரியோ இருபத்து நான்கு கிலோமீட்டரில் இருந்தது. ஒரு சோடி வெள்ளாடு விற்றால் ஓராண்டுக் கட்டணமும் புத்தகமும் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டார்கள். அந்தக் கணக்கு ஏறத்தாழச் சரியாகவே இருந்தது.

அந்நாளைய எங்கள் பங்குத்தந்தை நல்ல உள்ளம் படைத்தவர். எவர் எங்கே படிக்கப் போனாலும் பரிந்துரைக் கடிதம் ஒன்று எழுதித் தருவது அவர் வழக்கம். எங்களுக்கும் தர முன்வந்தார்.

"காலேஜுல யாரைப் பார்த்துக் குடுக்கணும்?" என்றார்.

"யாரையும் பார்க்க வேண்டியதில்லை சாமி. மார்க்கைப் பார்த்துப் பலகையில பேரு போடுவாங்களாம்" என்றார் பனையேறியின் மகன்.

"பேரு இல்லாட்டி?"

"இல்லாட்டி இல்லதான் சாமி."

சாமி சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு எங்கள் தலையில் கைவைத்துச் செபித்து அனுப்பினார். கடிதமின்றி எங்கோ போகிறோம் என்பது எங்களைவிட அவரையே அதிகம் கலக்கியிருக்க வேண்டும்.

கம்பி வலைக்குப் பின்னால் ஒட்டப்பட்டிருந்த தட்டச்சுத் தாளில் ஐந்து பெயர்களும் இருந்தன. அந்தக் கணத்தின் மகிழ்ச்சியைவிட, அதன் பின்னே வந்த ஒரு வெறுமைதான் இப்போது நினைவுக்கு வருகிறது. யாரிடமாவது போய் நன்றி சொல்ல வேண்டும் என்று கால்கள் பரபரத்தன. சொல்வதற்கு ஆள் இல்லை. அதுவரை எங்கள் வாழ்வில் கிடைத்த நன்மை எதுவும் ஒரு மனிதரின் முகத்தோடுதான் வந்திருந்தது. ஒருவரின் இரக்கத்தால், ஒருவரின் சொல்லால், ஒருவரின் பெருந்தன்மையால். இது மட்டும் முகமின்றி வந்தது. வரிகட்டும் நாட்டுமக்கள் அனைவரும் சேர்ந்து எங்களுக்குக் கொடுத்த இடம் அது என்று எவரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. உரிமை என்னும் சொல்லைக் குடிமையியல் பாடத்தில் மனப்பாடம் செய்திருந்தோம். அது கையில் வந்து சேரும்போது இப்படி வெறிச்சென்றிருக்கும் என்று அறியோம்.

ஆனால் அந்தப் பலகை எவர் முகத்தையும் பாராமல் எழுதப்பட்டது என்று சொல்லிவிட்டு நகர்ந்தால் அது முழு உண்மையாகாது. ஒன்றை அது பார்த்தது. அப்போது தமிழகத்தில் நூறு இடங்களுள் பிற்படுத்தப்பட்டோருக்கு 50, ஆதிதிராவிடர்க்கும் பழங்குடியினர்க்குமாக 18 என்று ஒதுக்கப்பட்டிருந்தன. அந்த ஒதுக்கீடு இல்லாவிடில் எங்களுள் எத்தனைபேர் உள்ளே சென்றிருப்போம் என்று சொல்வதற்கில்லை. எனவே அதைக் குறைகூறும் எண்ணம் எங்களுக்கு இல்லை. கரிமூட்டக்காரரின் தம்பி ஒருவர் அடுத்த ஊரில் மணமுடித்து அங்கேயே குடியேறியவர். அண்ணன் திருமுழுக்குப் பெற்றவர், தம்பி பெறாதவர். அவர் மகனும் அவ்வாண்டே அதே கல்லூரிக்கு விண்ணப்பித்தார். ஒரே கூலி, ஒரே காடு, தேநீர்க் கடையில் இருவர் தந்தையர்க்கும் ஒரே தனிக் குவளை. ஆனால் தம்பி மகன் 18இன் பட்டியலில். அண்ணன் மகனோ, நிலபுலம் உடையவர்களின் பிள்ளைகளோடு 50இன் பட்டியலில். 1950ஆம் ஆண்டில் வெளிவந்த குடியரசுத் தலைவர் ஆணை, இந்து சமயத்தினர் அல்லாதோர் பட்டியல் சாதியினர் ஆகார் என்றது. 1956இல் சீக்கியர்க்கும் 1990இல் புத்த சமயத்தார்க்கும் அந்தக் கதவு திறக்கப்பட்டது; கிறித்தவர்க்குத் திறக்கப்படவில்லை. 2022 அக்டோபரில் மைய அரசு முன்னாள் தலைமை நீதிபதி கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இதற்கென ஆணையம் ஒன்றை அமைத்தது.

மாநில அரசு கல்விச் சலுகைகளை மதம் மாறியோர்க்கும் நீட்டியிருந்ததால் கட்டணம் எங்கள் நண்பரை வருத்தவில்லை. வருத்தியது வேறு. சான்றிதழை வாங்கிப் பார்த்த எழுத்தர், "தம்பி, நீ அந்தச் சாதி இல்லேன்னு இதுல இருக்கு, ஊருல போய்க் கேட்டா என்ன சொல்லுவாங்க?" என்று கேட்டார். ஏளனமாகக் கேட்கவில்லை, மெய்யாகவே புரியாமல் கேட்டார். நண்பருக்கு விடை தெரிந்திருந்தது. எங்கள் கோயிலுக்குள் அவர் தெருவார்க்கு எந்தப் பக்கம் இடம் வகுக்கப்பட்டிருந்தது, கல்லறைத் தோட்டத்தில் எந்த மூலை விடப்பட்டிருந்தது என்பதையெல்லாம் நம் வாசகர்களுக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. அரசு ஏட்டில் இல்லாத சாதி கோயில் முற்றத்தில் இருந்தது. பிற்காலத்தில் வேலைவாய்ப்புத் தேர்வுகளில் அந்த இரண்டு பட்டியல்களும் மறுபடி குறுக்கிட்டன. சிற்றப்பா மகன் வருவாய்த் துறையில் சேர்ந்தார். எங்கள் நண்பர் திருப்பூருக்குப் போய்ப் பின்னலாடை நிறுவனம் ஒன்றில் கணக்கெழுதினார். இருவருள் மதிப்பெண் கூடப் பெற்றவர் அவர்தாம்.

கல்லூரியில் நாங்கள் எண்களானோம். வருகைப் பதிவின்போது பேராசிரியர் பெயர் சொல்லி அழைப்பதில்லை. நாற்பத்தேழு என்பார்; உள்ளேன் ஐயா என்போம். முதலாண்டில் துணைப்பாடமான பொருளியலுக்கு நான்கு மாதம் ஆசிரியரே இல்லை. இருந்தவர் மாற்றலாகிப் போனார், வரவேண்டியவர் வரவில்லை. அதைப் பற்றி எவரிடம் முறையிடுவது என்றுகூட எங்களுக்குத் தெரியாது. மழை பெய்தால் வரலாற்றுத் துறையின் ஒரு மூலை ஒழுகும். பெஞ்சை இழுத்துப் போட்டுக்கொள்வோம். நல்லவேளையாக எங்கள் சீமையில் மழை அதிகமில்லை.

உபதேசியாரின் மகன் ஒருமுறை தொடர்ந்து மூன்று நாள் வகுப்புக்குப் போகாமல் நகரின் திரையரங்கிலும் பேருந்து நிலையத்திலுமாகக் கழித்தார். நான்காம் நாள் வீட்டில் செய்தி வந்து காத்திருக்கும் என்று அஞ்சிக்கொண்டே போனாராம். செய்தி வரவில்லை. எவரும் கேட்கவில்லை. அது தமக்கு மகிழ்ச்சியளிக்கவில்லை என்று இப்போது சொல்கிறார். தாம் எங்கே போனாலும் கவலைப்பட ஓர் ஆள் இல்லை என்பது பதினெட்டு வயதில் பேரச்சமாக இருந்ததாம். பனையேறியின் மகனுக்கோ அதுவே விடுதலையாக இருந்தது. படித்தால் தனக்காக, கெட்டால் தன்னால் என்று ஆனபிறகுதான் புத்தகத்தை மனமாரத் திறந்ததாக அவர் கூறுவார். ஒரே கல்லூரி இருவருக்கு இருவேறு விதமாக அமைந்தது. எது சரி என்று தீர்ப்பளிக்க நாங்கள் முற்படவில்லை.

எங்களுள் மூவர் வரலாறு படித்தோம், தமிழ் வழியில். கல்லூரிப் பாடங்களைத் தமிழில் தருவதற்குத் தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் எத்தனையோ நூல்களை வெளியிட்டிருந்தது. மலிவான தாள், பெரிய எழுத்து, உறுதியான செய்தி. கே. கே. பிள்ளை எழுதிய 'தமிழக வரலாறு: மக்களும் பண்பாடும்' என்னும் நூல் எங்கள் நூலகத்தில் ஒரே படிதான் இருந்தது. வரிசைப்படி வாங்கிக் கையால் எழுதிக்கொண்டோம். ஆசிரியரின் மகள் எழுதி வைத்த நோட்டு இன்றும் அவர் வீட்டுப் பரணில் இருக்கிறது. கையெழுத்து அச்சைவிட அழகு.

வரலாற்றுப் பேராசிரியருள் ஒருவர் குறிப்புகளைச் சொல்லச்சொல்ல எழுதவைப்பார். அவர் வகுப்பில்தான் மதிப்பெண் கிடைத்தது. மற்றொருவர் எழுதவைக்கவே மாட்டார். ஒருநாள் அவர், அவரவர் வீட்டிலுள்ள பழைய ஏடு, பத்திரம், எதுவாயினும் கொண்டுவாருங்கள் என்றார். நிலப் பத்திரங்கள் வந்தன. சாதகக் குறிப்புகள் வந்தன. இசுலாமிய நண்பர் ஒருவர் தம் பாட்டனாரின் இரங்கூன் கப்பல் சீட்டைக் கொண்டுவந்தார். ஆசிரியரின் மகள் சாமியிடம் கேட்டு, பழைய திருமுழுக்குப் பதிவேட்டிலிருந்து ஒரு பக்கத்தை எழுதி எடுத்து வந்தார். பேராசிரியர் அதை நெடுநேரம் பார்த்தார். "கூலியாட்களின் பேரும், பிள்ளை பிறந்த நாளும், தாயின் பேரும் எழுதிய இவ்வளவு பழைய ஏடு இந்தப் பக்கத்தில் வேறு எங்கே கிடைக்கும்? அரசர்களுக்குத்தான் செப்பேடு உண்டு" என்றார். நாங்கள் அந்தப் பதிவேட்டைத் திருமண ஓலைக்காக மட்டுமே புரட்டுவார்கள் என்று எண்ணியிருந்தோம்.

அதே பேராசிரியர்தாம் எங்களை ஒருமுறை நிலைகுலைய வைத்தவரும். ஓரியூரில் 1693 பிப்ரவரி 4ஆம் நாள் தலை கொடுத்த அருளானந்தரை அறியாத பிள்ளை எங்கள் பக்கத்தில் இல்லை. 1947இல் புனிதர் பட்டம் பெற்றவர். எங்கள் ஊர்த் திருவிழா நாடகத்தின் தலைவர். அந்த நாடகத்தில் கிழவன் சேதுபதியாக வருபவர் பெரிய மீசை வைத்துக்கொண்டு, மேடையில் கால் வைத்ததும் சிறுவர்கள் கூச்சலிடுவார்கள். கல்லூரியில் வந்து பார்த்தால், அதே கிழவன் சேதுபதி தலைநகரைப் புகலூரிலிருந்து இராமநாதபுரத்திற்கு மாற்றிக் கோட்டை எழுப்பியவர். மதுரை நாயக்கரின் பிடியிலிருந்து மறவர் சீமையை விடுவித்தவர். சேதுபதிகளுள் பேராற்றல் வாய்ந்தவர். அருளானந்தரிடம் திருமுழுக்குப் பெற்ற தடியத்தேவர் தம் மனைவியருள் ஒருவரை மட்டும் ஏற்று ஏனையோரை விலக்கியதும், விலக்கப்பட்டவருள் ஒருவர் மன்னரின் உறவுப் பெண் என்பதும், நாடகத்தில் ஒரு நொடியில் கடந்துபோகும் செய்திகள். வகுப்பில் அவை ஒரு மணி நேரம் பேசப்பட்டன. அரண்மனையில் ஒரு பெண் அழுதுகொண்டு நின்றதை நாங்கள் அதுவரை எண்ணிப் பார்த்ததில்லை.

அவர் அருளானந்தரை இழித்துப் பேசினாரா என்றால், இல்லை. மதுரை மிஷனைச் சேர்ந்த இயேசு சபைக் குருக்கள் ஆண்டுதோறும் எழுதி அனுப்பிய மடல்கள் இல்லாவிடில் 17ஆம் நூற்றாண்டுத் தமிழகத்தின் பஞ்சமும் போரும் நமக்குப் பாதிதான் தெரிந்திருக்கும் என்று அவரே சொன்னார். சத்தியநாத ஐயர் நாயக்கர் வரலாற்றை எழுதியபோது அம்மடல்களைப் பெரிதும் பயன்படுத்தியதையும் எடுத்துக்காட்டினார். ஆனால் மடலை எழுதியவர் எந்தப் பக்கம் நின்று எழுதினார் என்று கேளுங்கள், செப்பேட்டை வெட்டியவரையும் அதையே கேளுங்கள் என்பார். அன்று மாலைப் பேருந்தில் நாங்கள் மூவரும் அதிகம் பேசவில்லை. நம்பிக்கை குலைந்ததா என்று கேட்டால், குலையவில்லை. நாடகத்தில் கூச்சலிடுவது மட்டும் நின்றுபோயிற்று. கத்தோலிக்கக் கல்லூரி ஒன்றில் இதே பாடத்தை இதே நேர்மையோடு கேட்டிருக்க முடியாதா? முடியும், நம்மிடையே அத்தகைய குருக்களும் பேராசிரியர்களும் இருந்தனர், இருக்கின்றனர். எனினும் அருகில் மறவர் குலத்து மாணவரும் இசுலாமிய மாணவரும் அமர்ந்திருக்க, நம் புனிதரின் கதையை நம்முடையதல்லாத வாயிலிருந்து கேட்பது வேறு.

பிறரோடு இருத்தல் என்பதை அங்கேதான் பழகினோம். 1985இல் திருநீற்றுப் புதனன்று விடியற்காலைப் பூசை முடிந்து நெற்றியில் சாம்பலோடு வகுப்புக்குப் போனோம். பக்கத்துப் பெஞ்சு நண்பர் எங்களைக் கூர்ந்து பார்த்துவிட்டு, "எப்ப மாறுனீங்க?" என்றார். வகுப்பே சிரித்தது. விளக்கச் சொன்னார்கள், விளக்கினோம். மண்ணாயிருக்கிறாய், மண்ணுக்குத் திரும்புவாய் என்னும் பொருளைக் கேட்டுவிட்டு, "எங்க ஆத்தா திருநீறு பூசும்போது இதையேதானே சொல்லுது" என்றார் அவர். அதற்கு என்ன மறுமொழி சொல்வது என்று மறைக்கல்வி வகுப்பில் எங்களுக்குச் சொல்லித் தந்திருக்கவில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1984 அக்டோபர் 31ஆம் நாள் இந்திரா காந்தி அம்மையார் சுட்டுக் கொல்லப்பட்ட செய்தி பரவி, கடைகள் அடைபட்டு, பேருந்துகள் நின்றுபோயின. பெண்கள் இருவரும் ஊர் திரும்ப வழியின்றி நின்றனர். கல்லூரி அட்டெண்டர் ஒருவர் அவர்களைத் தம் வீட்டுக்கு அழைத்துப்போய், மனைவியிடம் ஒப்படைத்துவிட்டு, இரவோடு இரவாக மிதிவண்டியில் இருபத்து நான்கு கிலோமீட்டர் சென்று இரு வீட்டாருக்கும் செய்தி சொன்னார். அவர் தொழுகை தவறாத முசுலிம் பெரியவர். எண்ணாக இருந்த எங்களுக்கு அன்று அவர் வாயில் 'நம்ம பிள்ளைங்க' என்று பெயர் கிடைத்தது.

தேர்வைப் பற்றிச் சொல்லாமல் பல்கலைக்கழகத்தைப் பற்றிச் சொன்னதாகாது. நுழைவுச் சீட்டில் பதிவெண் வரும். அதை மனப்பாடம் செய்வோம். விடைத்தாளில் பெயர் எழுதினால் குற்றம். அந்தப் பதிவெண்ணையும் மறைத்து வேறோர் எண் இட்ட பிறகே தாளைத் திருத்துவோரிடம் தருவார்கள் என்று கேள்விப்பட்டோம். கரிமூட்டக்காரரின் மகனுக்கு இது மிகவும் பிடித்திருந்தது. பள்ளியில் தம் தாளைத் திருத்தியவர்கள் அனைவருக்கும் தாம் எந்தத் தெரு என்று தெரியும் என்பார். அவர்கள் அதைப் பார்த்துத் திருத்தினார்கள் என்று ஒருபோதும் சொல்லமாட்டார். தெரியும் என்பதே போதுமானதாக இருந்தது அவருக்கு. மதுரையில் யாரோ ஒருவர், சிவப்பு மையோடு, யாருடையது என்றே அறியாமல் தம் தாளுக்கு 71 போட்டார் என்பதை அவர் நெடுங்காலம் சொல்லிக்கொண்டிருந்தார்.

உபதேசியாரின் மகனுக்கு அதே முகமின்மை கடினமாக இருந்தது. பகுதி இரண்டு ஆங்கிலத்தில் அவர் ஏழு முறை தோற்றார். எத்துணை உழைத்தார் என்று திருத்துபவருக்குத் தெரிய வழியில்லை. எங்கள் பள்ளியாக இருந்திருந்தால் எவரேனும் இரங்கித் தேற்றியிருப்பார்கள். 1990இல் எட்டாம் முறை எழுதித் தேறினார். பட்டச் சான்றிதழ் பதிவஞ்சலில் வந்தது. அவர் தந்தை அப்போது நோயுற்றிருந்தார். உறையைப் பிரிக்கவிடாமல் கையெழுத்திட்டு வாங்கி, ஞாயிறு பூசைக்குப் பிறகுதான் பிரிக்க வேண்டும் என்றார். அப்படியே செய்தார்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால், 1987 சூன் மாதத்தில், எங்களுள் இருவர் முதன்முறையாக எங்கள் பல்கலைக்கழகத்தைக் கண்டோம். மேற்படிப்பில் சேரத் தற்காலிகச் சான்றிதழ் விரைந்து வேண்டியிருந்தது. மதுரைக்கு மேற்கே, தேனிச் சாலையில், நாகமலையின் அடிவாரத்தில் பல்கலை நகர் என்று அதற்குப் பெயர். சான்றிதழ் பிற்பகல்தான் கிடைக்கும் என்றார்கள். அதுவரை சுற்றினோம். மலையை ஒட்டி நெடிய சாலைகள், வேப்ப மரங்கள், தெ.பொ.மீ. பெயர் தாங்கிய நூலகம். வாயிலில் இருந்தவர் நாங்கள் யார் என்று கேட்டார். மதுரைப் பல்கலைக்கழக மாணவர்கள் என்றோம். மூன்றாண்டில் முதன்முறையாக அப்படிச் சொன்னோம். அதைச் சொல்லும்போது நாங்கள் மாணவர்களாக இருந்த காலம் முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அவர் உள்ளே போகச் சொன்னார். கே. கே. பிள்ளையின் நூல் அங்கே ஆறு படிகள் வரிசையாக நின்றன. எண்ணிப் பார்த்தோம்.

அதன்பின் எத்தனையோ மாறிவிட்டன. 1990இல் நெல்லையில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் பிறந்தது. எங்கள் கல்லூரியும் இப்போது மதுரையோடு இல்லை. 2020 முதல் அரசு கலைக் கல்லூரிகளுக்கு இணையவழியில் விண்ணப்பிக்கிறார்கள். கம்பி வலைப் பலகைக்கு வேலையில்லை. இளநிலைப் படிப்புக்குக் கற்பிப்புக் கட்டணமும் இல்லை. 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தின்படி அரசுப் பள்ளியில் படித்துவந்த மாணவியர்க்கு மாதம் 1000 ரூபாய் வங்கிக் கணக்கில் சேர்கிறது. 2024 டிசம்பரிலிருந்து அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்க்கும் அது கிடைக்கிறது. நம் பள்ளிகளில் படித்த பெண்களுக்கு இது சிறிய செய்தியன்று. மறுபுறம், நிரந்தர ஆசிரியரின் இடங்களில் கௌரவ விரிவுரையாளர்கள் ஆண்டுக்கணக்கில் பணியாற்றுகிறார்கள். கௌரவம் என்ற சொல் எங்கும் இத்துணை மலிவாகப் பயன்படுத்தப்பட்டதில்லை. எங்கள் பட்டத்தில் முத்திரையிட்ட பல்கலைக்கழகத்திலேயே ஊதியமும் ஓய்வூதியமும் நிலுவையாகி, பணியாற்றுவோரும் ஓய்வுபெற்றோரும் 2024இல் போராடியதை நாளேடுகளில் படித்தோம்.

எங்கள் ஐவரின் பிள்ளைகள் ஒன்பது பேர். அவர்களுள் ஒருவரும் அரசு கலைக் கல்லூரியில் படிக்கவில்லை. பொறியியல், செவிலியம், கணினி என்று தனியார் கல்லூரிகளுக்குப் போனார்கள். இதைப் பற்றித்தான் நாங்கள் ஒருமனப்படவில்லை. அந்தக் கல்லூரி இருந்ததே ஏறிச்செல்வதற்காக. ஏறியபின் அதே படியில் நிற்க வேண்டியதில்லை என்கிறார் பனையேறியின் மகன். அவர் அஞ்சல் துறையில் இருந்து ஓய்வுபெறும் நிலையில் இருப்பவர். திருப்பூர் நண்பர் ஒப்பவில்லை. ஆசிரியர் இல்லை என்று முறையிடத் தெரிந்தவர்கள் எல்லாரும் வெளியேறிவிட்டால், நம்மைப் போல் முறையிடத் தெரியாதவர்கள் மட்டும் உள்ளே இருப்பார்கள். அப்போது நான்கு மாதம் நாற்பது மாதமாகும் என்கிறார். ஆசிரியரின் மகள், பிள்ளைகளைத் தத்துவத்துக்காகவா கல்லூரியில் சேர்ப்பார்கள் என்று கேட்டுப் பேச்சை முடிக்கப் பார்த்தார். பேச்சு முடியவில்லை. இரண்டாம் மாலை அதிலேயே கழிந்தது.

மளிகைக் கடைக்காரரின் மகள் இதில் அதிகம் பேசவில்லை. எங்களுள் அவர் ஒருவர்தாம் வெளியேறாதவர். முதுகலையும் ஆய்வும் முடித்து, அரசு கலைக் கல்லூரி ஒன்றில் வரலாற்றுப் பேராசிரியராக இருக்கிறார். ஓய்வுக்கு அதிக நாள் இல்லை. அவர் வகுப்பில் பெரும்பாலோர் பெண்கள். பெரும்பாலோர் வீட்டில் முதல் பட்டதாரிகள். பழைய ஏடு கொண்டுவரும் வழக்கத்தை அவர் இன்றும் விடவில்லை. இப்போது வருபவை வேறு: நூறுநாள் வேலை அட்டை, துபாய் விசாவின் நகல், மகளிர் சுய உதவிக் குழுவின் கணக்கு நோட்டு. சென்ற ஆண்டு ஒரு மாணவி வெறுங்கையோடு வந்து நின்றாளாம். வீட்டில் எழுத்து என்று எதுவும் இல்லை டீச்சர், அப்பத்தா மட்டும்தான் இருக்கு என்றாளாம். அப்பத்தா சொல்வதையே எழுதிக்கொண்டு வா என்று அனுப்பியிருக்கிறார். நாற்பது பக்கம் வந்தது. ஊர், கிணறு, பஞ்சம், யார் யாரிடம் எவ்வளவு கடன், எந்த ஆண்டு எந்தப் பிள்ளை இறந்தது எல்லாம். மதிப்பெண் எவ்வளவு போட்டீர்கள் என்று கேட்டோம். பாடத்திட்டத்தில் அதற்கு மதிப்பெண் இல்லை என்றார். அந்த நாற்பது பக்கத்தையும் தட்டச்சு செய்ய ஒருவரைத் தேடிக்கொண்டிருக்கிறார்.